நாலு வாஷர், எழுபது வளைவு

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, இந்த வருஷம் இரண்டு மூன்று தங்கைகளும் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷம். நாமக்கல்லில் முப்பத்தெட்டு வருஷம் லாரிகளுக்கு டிஃப்ரன்ஷியல் கட்டியவன் நான். ஓய்வு பெற்றவன் எழுத உட்கார்ந்தால் தன் பெருமையைத்தான் எழுதுவான் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் என் பெருமையை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? அதனால் நான் பேந்தப் பேந்த முழித்த ஒரு வியாழக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன். அன்று என்னைக் கரையேற்றியவர்கள் இரண்டு பெண்கள். அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்பதுதான் இதன் உண்மையான காரணம்.

முதலாமவர் சேந்தமங்கலத்து டாக்டரம்மா. அப்போது வயது எழுபத்து நாலு. கொல்லிமலையில் இன்றைக்கு இருக்கிற அளவுக்கு வசதி இல்லாத காலத்தில், வாரம் தவறாமல் சனிக்கிழமை காலையில் தன் காரிலேயே மலையேறி வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவர். அந்தக் கார் ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. கறுப்பு நிறம், உருண்டையான முதுகு. பின் அச்சில் சத்தம் கேட்க ஆரம்பித்து, ஒருநாள் மலையடிவாரத்துக் காரவள்ளியிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு பதினோரு வருஷம் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் கிடந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் அதை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். பதினாறு டன் ஏற்றுகிற லாரிகளுக்கு நடுவே அதை இறக்கி வைத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“மேஸ்திரி, வர்ற மாசம் மூணாவது ஞாயித்துக்கெழமையோட என்ற லைசென்ஸ் முடியுதுங்க. கண்ணுல பிரஷர். இப்போதைக்குப் பார்வை நல்லாத்தான் இருக்குது. ஆனா போகப் போக ஓரமெல்லாம் மறைச்சுக்குமுன்னு கண் டாக்டர் சொல்லிட்டாரு. மறுபடியும் லைசென்ஸு வேணும்னா ஒரு டாக்டரு சர்டிபிகேட் தரணும். நானே டாக்டருதான், எனக்கு நானே தரமாட்டேன்” என்றார்.

“அப்ப எதுக்குங்க டாக்டரம்மா இவ்வளவு செலவு பண்ணி இதைப் பிரிக்கறது?” என்று கேட்டேன்.

“அதுக்கு முந்தின சனிக்கெழமை ஒரே ஒருக்கா மலைமேல போயிட்டு வரணும். நானே ஓட்டிட்டுப் போகணும். இன்னொருத்தர் வண்டியில உக்காந்து போனா, பாவம் டாக்டருக்கு வயசாயிருச்சுன்னு மேல இருக்கறவங்க பேசுவாங்க. அதெல்லாம் என்னால கேக்க முடியாது.”

எழுபத்து நாலு வயதில் ஒருவர் இப்படிச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

எஞ்சின், பிரேக், டயரை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள், பின் அச்சு என் பங்கு. பிரித்துப் பார்த்ததில் பெரிய பல்சக்கரமும் அதோடு சேரும் பினியனும் நல்லபடியாகவே இருந்தன. அது எங்கள் அதிர்ஷ்டம், ஏனென்றால் அந்த ஜோடி போயிருந்தால் வேறு கிடைக்காது. பேரிங்குகள் போய்விட்டிருந்தன. அவற்றுக்கு அளவு பொருந்துகிற மாற்று கோயம்புத்தூரில் கிடைத்தது. கிடைக்காமல் போனவை உள்ளே இருந்த நாலு வாஷர்கள்தான்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வண்டி நேராகப் போகும்போது பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. அந்த வித்தியாசத்தைப் பங்கு பிரித்துக் கொடுப்பவை டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் நாலு சின்னப் பல்சக்கரங்கள். நேர் ரோட்டில் அவற்றுக்கு வேலையே கிடையாது, அவற்றைத் தாங்கும் கூண்டோடு சேர்ந்து சும்மா சுற்றி வரும். வளைவு வந்தால்தான் தனித்தனியாகச் சுழலும். அப்படிச் சுழலும்போது அவற்றின் முதுகு கூண்டில் உரசாமல் இருக்க, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கன்மெட்டல், அதாவது வெண்கல வாஷர். அந்தக் காரில் அவை காகிதம் போலத் தேய்ந்திருந்தன.

இங்கேதான் இரண்டாமவர் வருகிறார். சேலத்தில் கியர் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறார். டிப்ளமோ படித்தவர், அப்போது வயது முப்பத்திரண்டு. “பேரெல்லாம் போட்டுறாதீங்க, அப்பறம் ஊர்ல இருக்கற ஓட்டை வண்டியெல்லாம் என்ற வாசல்லதான் நிக்கும்” என்று கட்டளை போட்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. அம்மணி என்றுதான் நான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். என் மகளைவிட இளையவர். ஆனால் வேலையைப் பற்றி நான் கடைசியாகக் கற்றுக்கொண்டது, ஒருவேளை முழுதாகக் கற்றுக்கொண்டதும்கூட, அவரிடம்தான்.

ஒரு பழைய மில் இயந்திரத்தின் கன்மெட்டல் புஷ் வளையத்தை அறுத்து நாலு வாஷரும் கடைந்து கொடுத்தார். பழைய வாஷரில் தேய்ந்து மறைந்துபோயிருந்த ஆயில் கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அதே மாதிரி புதியவற்றிலும் வெட்டியிருந்தார். கோடுகள் ஒரு பக்கம் மட்டும். “கோடு போட்ட பக்கம் பல்சக்கரத்தைப் பாக்கணுமுங்கண்ணா. அப்பத்தான் ரெண்டுக்கும் நடுவுல ஆயில் நிக்கும்” என்று சொல்லிக் கொடுத்தார். நானும் தலையாட்டினேன்.

தலையாட்டியது நான். வாஷரைப் போட்டது என் கை. இரண்டுக்கும் அன்றைக்குப் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது.

நாங்கள் வழக்கமாகக் கட்டுகிற லாரிகளில் அந்த வாஷருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் குழி இருக்கும். எப்படிப் போட்டாலும் சரிதான். அத்தனை வருஷமாக அதை எடுத்துப் பக்கம் பார்த்துப் பழக்கமே கிடையாது, ஆயிலில் முக்கி அப்படியே உள்ளே தள்ளுவதுதான். கார் வேலையில் நான் கவனம் வைத்ததெல்லாம் பெரிய பல்சக்கரத்தின் மேல்தான். பல்லில் நீலம் தடவி, சுற்றிப் பார்த்து, பிரித்து, மெல்லிய தகடு ஒன்று சேர்த்து, ஒன்று குறைத்து, நாலு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். பல்லில் பல் பட்ட நீலத் தடம் நடுவில் வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. அத்தனை பெருமிதத்தோடு வேலை செய்கிற மனிதன் வாஷரைப் பற்றி ஏன் யோசிக்கப் போகிறான்?

வியாழக்கிழமை காலையில் வண்டி தயார். எங்கள் வழக்கப்படி ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, நாலுவழிச் சாலையில் புதன்சந்தை வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். கிரவுன், அதாவது பெரிய பல்சக்கர வேலை முடிந்த எந்த லாரியையும் அந்த ரோட்டில்தான் பார்ப்போம். பின்னால் ஒரு முனகல்கூட இல்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து மூன்று மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது சேலத்திலிருந்து அம்மணி கூப்பிட்டார்.

“அண்ணா, வண்டி எப்படி இருக்குதுங்க?”

“தேர் மாதிரி போகுது அம்மணி. புதன்சந்தை வரைக்கும் போயிட்டு இப்பத்தான் வந்தேன்.”

“நேர் ரோட்டுலயா போனீங்க?”

“ஆமா.”

“கோடு போட்ட பக்கம் எங்க பாத்துச்சுங்க?” என்று கேட்டார்.

ஈரக் கையோடு நின்றேன். நினைத்துப் பார்த்தேன். வாஷரை ஆயிலில் முக்கியது நினைவிருக்கிறது, உள்ளே தள்ளியது நினைவிருக்கிறது. கோடு எந்தப் பக்கம் இருந்தது என்பது மட்டும் சுத்தமாக வரவில்லை.

“சரியாத்தான் போட்டிருப்பேன் அம்மணி” என்றேன்.

“சரிங்கண்ணா. நான் வாரனுங்க” என்று வைத்துவிட்டார்.

அவர் அதட்டியிருந்தால் நானும் எகிறியிருப்பேன். என் வயசென்ன, சர்வீஸ் என்ன என்று ஆரம்பித்திருப்பேன். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. பஸ் பிடித்து வந்துகொண்டிருக்கிற ஒருவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அந்த இரண்டு மணி நேரத்தில் என் புத்தி எங்கெல்லாம் போனது என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. தப்பாகப் போட்டிருந்தாலும் ஒரே ஒரு முறை மலை ஏறி இறங்குவதற்குத் தாங்காதா என்று நினைத்தேன். மெதுவாகப் போகச் சொன்னால் போதுமே என்று நினைத்தேன். திரும்பப் பிரித்தால் நாலு நாள் மல்லுக்கட்டிய அமைப்பு கலைந்துவிடும், சனிக்கிழமைக்குள் அது கைகூடாமல் போனால் டாக்டரம்மாவின் ஆசையே கெட்டுப்போகும், ஆகவே பிரிக்காமல் இருப்பதுதான் அவருக்குச் செய்கிற நல்லது என்றுகூட நினைத்தேன். தப்பை மூடி மறைக்க மனசு எடுத்துக்கொடுக்கிற நியாயங்கள் எல்லாமே மற்றவர் நன்மைக்காகத்தான் இருக்கும். அதை மட்டும் நான் அன்று நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்தார்கள். டாக்டரம்மா காரைச் சுற்றிவந்து அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அம்மணியைத் தனியாக அழைத்துக்கொண்டு போனேன்.

“பக்கத்துல இருக்கற கல்லுக்குழி மைதானத்துல அரை மணி நேரம் வட்டமாச் சுத்திப் பாத்துறலாமா? தப்பா இருந்தா சத்தம் வந்துருமில்ல” என்று கேட்டேன்.

“வருமுங்கண்ணா. சத்தம் வரறப்ப வாஷர் போயிருக்கும். பல்சக்கரத்து முதுகும் போயிருக்கும். என்கிட்ட அந்த புஷ்ல மிச்சம் இல்லைங்க” என்றார்.

பரிசோதனை செய்தால் தெரியும், தெரிந்தால் கெட்டுப்போகும். முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு கணக்கில் நான் மாட்டியதில்லை. பிரியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. முடிவு என் கையில் என்பதுபோல நின்றார்.

நான் டாக்டரம்மாவிடம் போனேன். “டாக்டரம்மா, உள்ள நாலு வாஷர் இருக்குதுங்க. அதை எந்தப் பக்கம் போட்டேன்னு எனக்கு ஞாபகம் இல்லைங்க. தப்பாப் போட்டிருந்தா நேர் ரோட்டுல தெரியாது. மலையில, வளைவுல இறுகிப் போயிரும். பின் சக்கரம் நின்னுரும்” என்று சொல்லி முடித்தேன். அழுகை வரவில்லை, ஆனால் வெகு தூரத்திலும் இல்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “சரியாப் போட்டிருக்கவும் கூடுமா?”

“கூடுமுங்க.”

“பிரிச்சா எப்ப முடியும்?”

“நாளைக்குப் பொழுதோட முடிக்கப் பாக்கறனுங்க. முடியும்னு சத்தியம் பண்ண முடியாதுங்க.”

டாக்டரம்மா ஒரு காலி ஆயில் டிரம்மின் மேல் கைப்பையை வைத்தார். “ஒரு பிரசவ ஆபரேஷன். தையல் போட்டு முடிச்சு, கை கழுவப் போயிட்டேன். நர்சம்மா ஓடி வந்து, பஞ்சு எண்ணுனதுல ஒண்ணு கொறையுதுன்னு சொன்னா. தச்ச வயித்தை மறுபடியும் பிரிச்சேன் மேஸ்திரி. உள்ள ஒண்ணும் இல்லை. பஞ்சு மேசைக்கு அடியில கெடந்துச்சு.”

“அய்யோ” என்றேன்.

“என்ன அய்யோ? அன்னைக்கு நிம்மதியாத் தூங்கினேன். பிரிங்க. சனிக்கெழமை ஆகலீன்னா ஆகலை, என்ன பண்றது” என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறுவதற்குக் கிளம்பிவிட்டார். ஆகலீன்னா ஆகலை என்று சொன்னபோது அவர் பார்வை காரின் மேல் இருந்ததை நான் கவனித்தேன். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அச்சை இறக்கி, கூண்டை வெளியே எடுத்து, சின்னப் பல்சக்கரங்களை உருவ வேண்டிய நேரம் வந்தது. இன்னும் இரண்டு நிமிடத்தில் நான் முட்டாளா இல்லையா என்பது தெரிந்துவிடும். சுற்றிலும் பட்டறை ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அப்போது அம்மணி, “அண்ணா, நான் ஒரு டீ குடிச்சுட்டு வாரனுங்க. ஏனுங்க, நீங்களும் வாங்க, எல்லாருக்கும் நான்தான்” என்று சொல்லி அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு எதிரிலிருந்த கடைக்குப் போய்விட்டார். சேலத்திலிருந்து அதைப் பார்ப்பதற்கென்றே வந்தவர், பார்க்க வேண்டிய நேரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தார். நான் பார்த்த பெரிய மனசுகளில் அது ஒன்று. அதற்கு ஈடாக வேறொன்றைச் சொல் என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தனியாக உருவிப் பார்த்தேன். இரண்டு வாஷர் சரியாக இருந்தன. இரண்டு தப்பு. புதன்சந்தை வரை போய்வந்ததில் தப்பான இரண்டிலும் லேசாகக் கீறல் விழ ஆரம்பித்திருந்தது. நாமக்கல் ஊருக்குள் நாலைந்து திருப்பம் திரும்பியதற்கே அந்தக் கீறல். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். நாற்பதாவது வளைவில், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ஸ்டீயரிங்கில் டாக்டரம்மா.

அம்மணி திரும்பி வந்தபோது நாலையும் ஒரு துணியில் வைத்து நீட்டினேன். “ரெண்டு தப்பு அம்மணி” என்றேன். அவர் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “மேலாக்கத்தான் கீறியிருக்குதுங்க. தேய்ச்சு எடுத்தரலாம்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் சொன்னேனில்ல என்கிற வார்த்தை அன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. கண்ணாடித் துண்டின் மேல் உப்புக்காகிதத்தை விரித்துத் தானே தேய்த்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் கட்டினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வாஷரையும் உள்ளே வைக்கும் முன் போனில் படம் எடுத்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும் எடுங்கள். தகடுகளை எடுத்த இடத்திலேயே அடையாளம் போட்டு வைத்திருந்ததால் பல்லின் தடம் இரண்டாவது தடவையிலேயே நடுவில் வந்துவிட்டது. நாலு நாள் ஆன வேலை அரை நாளில் முடிந்தது. பயந்து பயந்து நான் கட்டிய கோட்டையெல்லாம் வெறும் பயம்தான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு காரவள்ளியைத் தாண்டினோம். டாக்டரம்மா ஓட்டினார். “கட்டுனவரு கூட வரணும். இல்லீன்னா நான் ஏறமாட்டேன்” என்று சொல்லி என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். அம்மணி பின் சீட்டில்.

முதல் இருபது வளைவு வரை என் காது முழுக்கப் பின் அச்சில்தான் இருந்தது. ஏதாவது ஒரு கரகரப்பு, ஒரு இழுப்பு என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. அதன் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டு அவர் ஓட்டுவதைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்றாலும், இறங்கி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று கையசைத்தார். கியரை மாற்றியது வெளியே தெரியவே இல்லை. எத்தனையோ டிரைவர்களோடு உட்கார்ந்து போயிருக்கிறேன். இவ்வளவு மரியாதையாக ஒரு வண்டியை நடத்தியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

“இந்த வளைவுல ஒரு பொம்பளைப் புள்ளை பொறந்துச்சு. அம்மணி உக்காந்திருக்கற அதே சீட்டுல” என்றார் ஓரிடத்தில். அம்மணி சட்டென்று கால்களை ஒடுக்கிக்கொண்டார்.

மலைமேல் சோளக்காடு ஊரில் சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்த பிறகும் இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து, “சரி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார்.

நான் ஓடிப் போய்ப் பின்னால் மண்டியிட்டு, டிஃப்ரன்ஷியல் இருக்கும் நடு உருண்டை சூடேறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். எழுந்தபோது கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

“எப்படி இருக்குதுங்க மேஸ்திரி?”

“நீங்களே தொட்டுப் பாருங்க டாக்டரம்மா.”

அதற்குள் அவரை அடையாளம் கண்டுகொண்டு நாலைந்து பேர் சந்தையிலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர் கையைக் காட்டி அவர்களைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார். சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் குந்தினார். வண்டிக்கு அடியில் கையை விட்டு, அந்த இரும்பு உருண்டையின் மேல் உள்ளங்கையை வைக்காமல், புறங்கையை வைத்தார். அந்த மலையில் எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் நெற்றியில் அப்படி வைத்திருப்பாரோ, அதே மாதிரி வைத்து, கண்ணை மூடிச் சற்று நேரம் இருந்தார்.

“காய்ச்சல் இல்லீங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து, இறக்கத்தில் ஓட்டச் சொல்லிக் கார் சாவியை அம்மணியின் கையில் கொடுத்தார்.